கையெழுத்துப் போடுவதற்கு முன்

எங்கள் மாடி வீட்டு அக்கா படியிறங்கி வந்தால் கையில் ஒரு கிண்ணம் இருப்பது வழக்கம். கிண்ணம் காலியாக இருந்தால் எங்கள் வீட்டுச் சர்க்கரைக்கு ஆபத்து. நிரம்பியிருந்தால் எங்கள் நாக்குக்கு யோகம். போன புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் இறங்கி வந்தபோது கையில் கிண்ணத்தைக் காணோம். இரண்டு காகிதங்கள் இருந்தன.

"ஏம்மா, நீ பத்திரிகையிலே இருக்கிறவள்தானே? இதைப் படித்துப் பார்த்துச் சொல்லு. கையெழுத்துப் போடலாமா, கூடாதா?" என்றார்.

அவருடைய பெண் கல்லூரியில் தாவரவியல் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வகுப்பு மாணவ மாணவியர் எல்லோரும் ஐந்து நாள் வால்பாறைக்குப் போய்ச் செடிகொடிகளைப் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டுமாம். பாடத் திட்டத்திலேயே இருக்கிறது, மதிப்பெண்ணும் உண்டு. முதல் காகிதம் பெற்றோர் சம்மதக் கடிதம். அதன் அடியில், எந்த விபத்து நேர்ந்தாலும் கல்லூரி பொறுப்பாகாது என்று பொடி எழுத்தில் ஒரு வரி. இரண்டாவது காகிதம் மாணவியின் உடல்நிலை பற்றியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அக்காவின் கணவருக்கு வெளிநாட்டில் வேலை. "நீயே பார்த்து முடிவு செய்" என்று டெலிபோனில் சொல்லிவிட்டாராம். புருஷர்களுக்குச் சௌகரியமான பதில்!

"அம்மா, எல்லாரும் போகிறார்கள்" என்று பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். "எல்லாரும் கிணற்றில் விழுந்தால் நீயும் விழுவாயா?" என்று அம்மா கேட்டார்.

வாசகர்களே, இந்தச் சம்பாஷணை உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம். இல்லாவிட்டால் இனிமேல் நடக்கும். தாவரவியல், விலங்கியல், நிலவியல், தொல்லியல் எதைப் படித்தாலும், என்றாவது ஒரு நாள் நம் பெண்கள் வகுப்பறையை விட்டு வெளியே போய்த்தான் ஆகவேண்டும். கொல்லிமலைக்கும் கொடைக்கானலுக்கும் போவார்கள். மண்டபம் கடற்கரைக்குப் போவார்கள். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முந்திய சிப்பிகளைத் தேடுவார்கள். போகாதே என்று தடுப்பதும் சரியல்ல; கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவதும் சரியல்ல. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அது, கேட்கவேண்டியதைக் கேட்பதும் சொல்லவேண்டியதைச் சொல்வதும்தான்.

ஏன் போகவேண்டும்?

"பாடத்தைப் புத்தகத்தில் படித்தால் போதாதா?" என்று அக்கா கேட்டார்.

சமையல் புத்தகத்தைப் படித்தவர்கள் எல்லோரும் சாம்பார் வைத்துவிடுகிறார்களா, சொல்லுங்கள்! படத்தில் பார்த்த பெரணிச் செடியைக் காட்டில் ஒரு பாறையிடுக்கில் கண்டுபிடிக்கும்போதுதான் அது எந்த நிழலில், எந்த ஈரத்தில் வாழ்கிறது என்பது தெரிகிறது.

தலைச்சேரியில் 1897-ல் பிறந்து, சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த ஜானகி அம்மாளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெண்கள் கல்லூரிக்குப் போவதே அபூர்வமாக இருந்த காலத்தில் கடல் கடந்து சென்று டாக்டர் பட்டம் பெற்ற தாவரவியல் மேதை. எண்பது வயதான பிறகும் கேரளத்தின் சைலண்ட் வேலிக் காட்டைக் காப்பாற்றும் முயற்சியில் ஈடுபட்டிருந்தார். அவரை வீட்டோடு இருக்கச் சொல்லியிருந்தால் நஷ்டம் யாருக்கு?

ஆகவே, போகட்டும். ஆனால் எப்படிப் போவது?

புலி எங்கே இருக்கிறது?

காடு என்றதும் தாய்மார்களுக்குப் புலியும் பாம்பும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. அபாயங்களை வரிசைப்படுத்தினால் முதலில் வருவது அவையல்ல. காட்டுக்குப் போகிற சாலைதான்.

நம் தேசத்தில் 2022-ம் வருஷத்தில் மட்டும் சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் இறந்திருக்கிறார்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பகல் பூராவும் வண்டி ஓட்டிய டிரைவரே இரவிலும் ஓட்டினால், 41-வது வளைவாக அவர் கண் இமை வளையும்! இரவு முழுவதும் வண்டியை ஓட்டிவந்து விடியற்காலையில் மலையேறினால் ஒரு நாள் தங்கும் செலவு மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அந்தச் சிக்கனம் நமக்கு வேண்டாம். மலைப்பாதையைப் பகலில்தான் கடக்கவேண்டும். ஓட்டுகிறவர் முந்தின இரவு தூங்கியிருக்கவேண்டும்.

இரண்டாவது அபாயம் தண்ணீர். பார்ப்பதற்கு இத்தனை சாதுவாக இருந்துகொண்டு இத்தனை உயிர்களை வாங்குவது வேறு எதுவும் இல்லை.

2014-ம் வருஷம் ஜூன் 8-ந் தேதி மாலை. ஹைதராபாத்திலிருந்து சுற்றுப்பயணம் வந்திருந்த என்ஜினீயரிங் மாணவர்கள், இமாசலப் பிரதேசத்தில் மண்டி ஜில்லாவில் பியாஸ் நதிக்கரையில் இறங்கினார்கள். ஆற்றில் தண்ணீர் குறைவு. பாறைகள் வெளியே தெரிந்தன. அவற்றின்மேல் ஏறி நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். மேலே லார்ஜி அணையிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். வந்த வெள்ளத்தில் 24 மாணவ மாணவியரும், அவர்களுடன் வந்த சுற்றுலா அமைப்பாளர் ஒருவரும் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அது ஊர் தெரியாத நதி. தண்ணீர் குறைவாக இருப்பது அணை மூடியிருப்பதால்தான் என்பதை அறிந்த ஒருவர் கூட இருந்திருந்தால் போதும்.

அந்த வழக்கில் இமாசல உயர் நீதிமன்றம் 2016-ல் கொடுத்த தீர்ப்பைக் கவனியுங்கள். நஷ்டஈட்டில் ஒரு பங்கை மாணவர்கள் படித்த கல்லூரியும் ஏற்கவேண்டும் என்று உத்தரவிட்டது. ஆகையால், "எந்த விபத்துக்கும் பொறுப்பாகாது" என்று ஒரு வரியை அச்சடித்துவிட்டால் பொறுப்பு போய்விடும் என்று யாரும் எண்ணவேண்டாம். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு அவர்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து விடவேண்டிய கடமை இருக்கத்தான் செய்கிறது.

வால்பாறையும் அணைகளின் நாடுதான். ஆழியாறு, சோலையாறு, நீராறு என்று பெயர்களைக் கேட்டாலே ஆசையாக இருக்கும். ஆனால் 2023 அக்டோபரில் அந்தப் பக்கத்து ஆறு ஒன்றில், சுற்றிப் பார்க்க வந்த கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் மூழ்கி இறந்தார்கள். தெரியாத ஆற்றில் இறங்காதே. நடு ஆற்றுப் பாறையில் ஏறாதே. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், இலையும் குச்சியும் மிதந்து வந்தாலும், மேலே இரைச்சல் கேட்டாலும், செருப்பையும் பையையும் தேடாமல் மேட்டுக்கு ஓடு. இவற்றைப் பெண்ணுக்கு மனப்பாடம் செய்து வைக்கவேண்டும்.

அதற்கப்புறந்தான் மிருகங்கள். வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே யானைகள் நடமாடுகின்றன. அவை அருகில் இருந்தால் ஜனங்களுக்குச் செல்போனில் செய்தி அனுப்பவும், உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கை எரியவிடவும் அங்கே ஓர் ஏற்பாடு இருக்கிறது. சிவப்பு விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் போகக்கூடாது, அவ்வளவுதான். உள்ளூர் வனக் காவலர் "நில்" என்றால் பேராசிரியரானாலும் நிற்கவேண்டும். காட்டில் அவர்தான் பேராசிரியர்.

வெட்கம் என்று ஒரு விஷம்

இனிமேல் சொல்லப்போவது நம் பெண்களுக்கு மட்டும் உள்ள அபாயம். அதை எந்தக் கல்லூரி அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை.

நானும் தாவரவியல் படித்தவள்தான். சுமார் பதினைந்து வருஷங்களுக்கு முன் எங்களைக் கொல்லிமலைக்கு அழைத்துப் போனார்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். வழியில் கழிப்பிடம் கிடையாது என்று தெரியும். உடன் வந்தவர்களில் பாதிப் பேர் ஆண்கள். எனவே நான் ஒரு காரியம் செய்தேன்: தண்ணீரே குடிக்கவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு வெயிலில் ஒரு சரிவில் நின்று குறிப்பெழுதிக்கொண்டிருந்தவள், அப்படியே சுருண்டு விழுந்தேன். நல்லவேளையாகப் பக்கத்தில் புதர் இருந்தது, உருளவில்லை. மயக்கம் தெளிந்த பிறகு பார்த்தால், எங்களில் இன்னும் ஆறு பெண்களும் காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை! ஒருத்திக்கு அது மாதவிலக்கு நாள் வேறு. யாரும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

எங்களுடன் வந்த ஆசிரியை கெட்டிக்காரர். மறுநாள் காலையில் எல்லோர் முன்னிலையிலும், "இரண்டு மணிக்கொரு தரம் பதினைந்து நிமிஷம் நிற்போம். பெண்கள் எல்லாரும் என்னுடன் இந்தப் பக்கம். பையன்கள் எல்லாரும் அந்தப் பக்கம். யாரும் காரணம் சொல்லவேண்டாம்" என்றார். ஒரு வார்த்தையில் விஷயம் தீர்ந்தது. அன்று தண்ணீர்ப் பாட்டில்கள் எல்லாம் காலியாகிவிட்டன.

இந்த வெட்கம் இன்னும் என்னென்ன செய்யும் என்று பாருங்கள்.

இரவில் யாரையும் எழுப்பச் சங்கோசப்பட்டு, விளக்கில்லாமல் வெறுங்காலுடன் வெளியே போகிறாள் ஒரு பெண். பாம்பை மிதிப்பது அப்போதுதான். நம் நாட்டில் 2000 முதல் 2019 வரையில் பாம்புக்கடியால் வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் இறந்ததாக ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. டார்ச் விளக்கு, மூடிய காலணி, துணைக்கு ஒரு தோழி ஆகிய மூன்றும் இல்லாமல் இரவில் வாசற்படி தாண்டக்கூடாது. தரையில் படுக்கவும் கூடாது. கட்டிலில், கொசுவலையின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிக்கொண்டு படுக்கவேண்டும். கட்டுவிரியன் தூங்குகிறவர்களைக் கடிக்கும். பல சமயம் வலிகூடத் தெரியாது.

கடித்துவிட்டால்? கயிற்றால் இறுக்கிக் கட்டவேண்டாம், கத்தியால் கீறவேண்டாம், வாயால் உறிஞ்சவேண்டாம், பாம்பைத் துரத்திக்கொண்டு ஓடவும் வேண்டாம். வளையல், மோதிரம், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் உடனே கழற்றிவிடவேண்டும். வீக்கம் வந்தால் அவையே சதையை இறுக்கும். எலும்பு முறிந்தால் கட்டுவது போலக் கடிபட்ட கையிலோ காலிலோ ஒரு குச்சியை வைத்து அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தைப் பாம்புகளிலிருந்து எடுத்துக் கொடுக்கிறவர்களில் முக்கியமானவர்கள், சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். 1978-ல் தொடங்கிய சங்கம் அது.

இன்னொன்று. புதரிலும் புல்லிலும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிப் பூச்சிகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகை கடித்தால், வீடு திரும்பி ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் கடும் காய்ச்சல் வரும். உண்ணிக் காய்ச்சல் என்று டாக்டர்கள் சொல்வார்கள். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு சிறு கரும்புண் இருந்தால் டாக்டர் உடனே கண்டுகொள்வார். விலை குறைந்த மாத்திரையிலேயே குணமாகிவிடும். ஆனால் அந்தப் புண் அக்குளிலும், மார்புக்கு அடியிலும், தொடையிடுக்கிலும் அல்லவா ஒளிந்துகொள்கிறது! பெண் காட்டமாட்டாள், டாக்டரும் கேட்கமாட்டார். சாதாரணக் காய்ச்சல் என்று நாளைக் கடத்தினால் நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டு உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே காட்டுக்குப் போய்வந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், முதல் வேலையாக "காட்டுக்குப் போயிருந்தேன்" என்று டாக்டரிடம் சொல்லவேண்டும். உடம்பில் புண் இருக்கிறதா என்று அம்மாவே பார்த்துவிடலாம்.

அட்டையைப் பற்றி அக்கா ரொம்பக் கவலைப்பட்டார். அட்டை அருவருப்பே தவிர அபாயம் இல்லை. பிய்த்து இழுக்காமல் நகத்தின் ஓரத்தால் மெல்லத் தள்ளிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

சொல்லத் தயங்கும் இன்னொரு விஷயம்

வாசகர்களே, இதையும் எழுதித்தான் ஆகவேண்டும். களப்பணிக்குப் போன ஆராய்ச்சியாளர்கள் 666 பேரை அமெரிக்க மானிடவியலாளர்கள் சிலர் விசாரித்து, 2014-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். விடை சொன்னவர்களில் 100-க்கு 64 பேர் தகாத பேச்சையோ கேலியையோ அனுபவித்திருக்கிறார்கள். ஐந்தில் ஒருவருக்கு மேல், இஷ்டமில்லாமல் உடம்பைத் தொடும் அளவுக்குத் துன்பப்பட்டிருக்கிறார்கள். பெண்களுக்குத் தொல்லை கொடுத்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர் அந்நியர்கள் அல்ல. அவர்களுடனேயே வந்த, அவர்களுக்கு மேற்பட்ட பதவியில் இருந்தவர்கள்! யாரிடம் முறையிடுவது என்பதே பலருக்குத் தெரிந்திருக்கவில்லை.

நம் நாட்டில் அதற்கு வழி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ம் வருஷ விதிகள், கல்லூரி என்பது மதிற்சுவருக்குள் முடிந்துவிடுவதல்ல என்கின்றன. களப்பயணம், கல்விச் சுற்றுலா, முகாம், கல்லூரி ஏற்பாடு செய்த வண்டி எல்லாமே கல்லூரி எல்லைக்குள் சேர்ந்தவை. அங்கே நடக்கும் தவறுக்கும் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவில் மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். "வெளியூரில் நடந்தது, நாங்கள் என்ன செய்ய?" என்று யாரும் கையை விரிக்க முடியாது.

பெண்ணிடம் இதைச் சொல்லி வையுங்கள். அதைவிட முக்கியமாக, "எது நடந்தாலும் என்னிடம் சொல், இனிமேல் படிக்கவே போகவேண்டாம் என்று தடுக்கமாட்டேன்" என்று வாக்குக் கொடுங்கள். பெண்கள் வாயை மூடிக்கொள்வது பயத்தினால் மட்டும் அல்ல. சொன்னால் படிப்பு நின்றுவிடுமே என்பதாலும்தான்.

இரண்டாவது காகிதம்

அக்கா கொண்டுவந்த இரண்டாவது காகிதத்துக்கு வருகிறேன். "மாணவிக்கு ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை முதலியவை உண்டா?" என்று அதில் ஒரு கேள்வி. அக்கா அதற்கு நேரே பென்சிலால் மெல்லிசாக "இல்லை" என்று எழுதியிருந்தார்.

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

"உனக்குத் தெரியாததா? பத்தாவது படிக்கும்போது இரண்டு தரம் வலிப்பு வந்தது. மாத்திரை சாப்பிடுகிறாள், நாலு வருஷமாக ஒன்றும் இல்லை. இதை எழுதிக் கொடுத்தால் கல்லூரி பூராவும் பரவும். இன்னும் இரண்டு வருஷத்தில் வரன் பார்க்கவேண்டியவள்..."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தாயின் பயம் பொய்ப் பயம் அல்லவே! அப்போது அந்தப் பெண்தான் பேசினாள்.

"அம்மா, காட்டிலே எனக்கு வலிப்பு வந்தால் பக்கத்திலே இருப்பவர்களுக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரியவேண்டாமா? வாயிலே தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்?"

அக்கா வெகு நேரம் பேசவில்லை.

மறுநாள் மூவருமாக அவளுடைய டாக்டரிடம் போனோம். அவர் சிரித்தார். "தாராளமாகப் போகட்டும். மூன்று விஷயம் மட்டும் ஜாக்கிரதை. மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. ராத்திரி பூராவும் அரட்டையடித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளக்கூடாது. தண்ணீர்க் கரையிலும் மலை விளிம்பிலும் தனியாக நிற்கக்கூடாது. மாத்திரையை இரண்டு பங்காக்கி இரண்டு பையில் வையுங்கள், ஒரு பை தொலைந்தாலும் மற்றொன்று இருக்கும்" என்றார்.

வலிப்பு வந்தால் செய்யவேண்டியதையும் சொல்லிக் கொடுத்தார். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைக்கவேண்டும். கழுத்துத் துணியைத் தளர்த்தவேண்டும். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் பயன் இல்லை. அதனால் காயந்தான் படும். வாயில் எதையும் திணிக்கவோ ஊற்றவோ கூடாது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொரு விஷயமும் அக்காவுக்குச் சொன்னேன். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயை ஒரு தடையாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வார்த்தையை 1999-லேயே பார்லிமெண்டு நீக்கிவிட்டது. சட்டம் கைவிட்ட பயத்தை நாம் மட்டும் பிடித்துக்கொண்டிருப்பானேன்?

அன்று சாயங்காலம் அக்கா பென்சில் எழுத்தை அழித்துவிட்டுப் பேனாவால் "உண்டு" என்று எழுதினார். மருந்தின் பெயரையும் எழுதி, காகிதத்தை உறையிலிட்டு ஒட்டி, ஆசிரியையிடம் நேரில் கொடுத்தார். "தெரியவேண்டியவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்" என்று அக்கா கேட்டுக்கொண்டதற்கு, ஆசிரியை, "என்னோடும், கூடத் தங்கும் ஒரு தோழியோடும் இருக்கும்" என்று வாக்களித்தாராம்.

கேட்கவேண்டிய கேள்விகள்

அதே சமயம் அக்கா கையில் நான் ஒரு காகிதத்தைக் கொடுத்தனுப்பினேன். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று அவர் தயங்கினார். ஆசிரியை கோபிக்கவில்லை; நகல் எடுத்துக்கொண்டாராம். உங்களுக்கும் உதவும் என்று அதை இங்கே தருகிறேன்.

1. வனத்துறை அனுமதி எழுத்து மூலம் வாங்கியாகிவிட்டதா? (2018 மார்ச் 11-ந் தேதி தேனி ஜில்லா குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறப் போன 23 பேர் உயிரிழந்தார்கள். அந்த வருஷமே தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது.)

2. மலைப்பாதையில் பகலில்தான் பிரயாணமா? டிரைவருக்கு ஓய்வு உண்டா?

3. ஆசிரியை ஒருவர் உடன் வந்து, பெண்களோடேயே தங்குகிறாரா?

4. தங்கும் அறைக்கு உள் தாழ்ப்பாள் இருக்கிறதா? கழிப்பிடம் கட்டடத்துக்குள்ளா, வெளியிலா?

5. விஷமுறிவு மருந்து உள்ள கிட்டத்து ஆஸ்பத்திரி எது? போக எவ்வளவு நேரம்? அதற்காக ஒரு வண்டி எப்போதும் தயாராக நிற்குமா?

6. முதலுதவி தெரிந்தவர் யார்?

7. காட்டுக்குள் செல்போன் எடுக்காது. அப்படியானால் 108-க்கு யார், எங்கிருந்து பேசுவது?

8. மழை வலுத்தாலோ, யானை நடமாட்டம் இருந்தாலோ அன்றைய வேலையை ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு?

9. தினம் எத்தனை மணிக்குத் திரும்பவேண்டும்? திரும்பாவிட்டால் அதைக் கவனித்துத் தேடச் சொல்லுகிறவர் ஊரில் யார்?

இவற்றில் கடைசிக் கேள்விதான் தலையானது. தனியாக ஆராய்ச்சிக்குப் போகும் பெண்களுக்கு இது இன்னும் அவசியம். எங்கே போகிறோம், எந்த வழியில், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை எழுதி ஒருவரிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பவேண்டும்.

பெண்ணுக்கும் ஒரு வார்த்தை சொன்னேன்: "மூச்சு வாங்கினாலும், பயமாக இருந்தாலும், 'என்னால் முடியவில்லை' என்று சொல்ல வெட்கப்படாதே. மற்றவள் சொன்னால் சிரிக்காதே."

ஏழு மணி பத்து நிமிஷம்

ஒரு வெள்ளிக்கிழமை அவர்கள் கிளம்பினார்கள். தினம் மாலை ஆறரை மணிக்குப் பெண் டெலிபோனில் பேசவேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு நாள் சரியாகப் பேசினாள்.

மூன்றாம் நாள் ஆறரை அடித்தது. பேச்சில்லை. ஆறே முக்கால் ஆயிற்று. அக்கா படியிறங்கி வந்து எங்கள் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. "நான்தானே கையெழுத்துப் போட்டேன்" என்று ஒரு தரம் சொன்னார். எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. எழுதிக் கொடுத்த யோசனையெல்லாம் என்னுடையது அல்லவா?

ஆனால் கேள்விக் காகிதத்தின் ஒன்பதாவது வரிக்குப் பதில் எங்களிடம் இருந்தது. ஊரில் இருந்த பொறுப்பாளரைக் கூப்பிட்டோம். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "பயப்படாதீர்கள் அம்மா. சாலையில் யானைக் கூட்டம் நிற்கிறதாம். வனக் காவலர் வண்டியைத் தூரத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறார். இப்போதுதான் செய்தி வந்தது. எல்லாரும் வண்டிக்குள் இருக்கிறார்கள்" என்றார்.

ஏழு மணி பத்து நிமிஷத்துக்குப் பெண்ணின் குரல் வந்தது. "அம்மா! குட்டியோடு ஐந்து யானை! அதுகள் கடந்து போகிறவரைக்கும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தோம். மாத்திரை போட்டுக்கொண்டுவிட்டேன். சாப்பிடப் போகிறேன்."

அக்கா டெலிபோனை வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பெண் திரும்பி வந்தபோது காலில் பதினோரு அட்டைக் கடி. நோட்டுப் புத்தகத்தில் 63 செடிகளின் படம். பறிக்க அனுமதியில்லாததால் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து வரைந்திருந்தாள். வலிப்பு வரவில்லை. தோழியிடம் இருந்த உறை பிரிக்கப்படாமலே திரும்பியது. அந்த உறை வீண் என்று நீங்கள் சொல்வீர்களா? நான் சொல்லமாட்டேன்.

அடுத்த வருஷம் மண்டபம் கடற்கரைக்குப் போகிறார்களாம். "கடலிலும் பாம்பு உண்டோ?" என்று அக்கா கேட்டார். உண்டு என்றேன். சிறிது யோசித்தார். "சரி, அந்தக் கேள்விக் காகிதத்தை எடு. இன்னும் நாலு வரி சேர்க்கவேண்டியிருக்கும்" என்றார்.

சொல்ல மறந்துவிட்டேன்: அன்று அவர் கையில் கிண்ணம் இருந்தது. நிரம்பியே இருந்தது.